கொடுப்பதை எந்த நாள் விலையில் மதிப்பது?



கொள்முதல் செய்யும்போது நாம் எல்லோரும் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். சரக்கு எப்படி? விலை என்ன? எத்தனை நாள் தவணை? நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. தவணை நாள் வரும்போது நம் கடை எந்த நிலையில் இருக்கும்? இந்தக் கேள்வியை மண்டிக்காரரும் கேட்க மாட்டார். நாமும் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. சரக்கு நன்றாக இருந்தும், விலை நியாயமாக இருந்தும், சில கடைகள் நொடித்துப் போவதற்கு இந்த நான்காவது கேள்வியே காரணமாக அமைகிறது.

இந்தப் பாடத்தை நம் கடைத்தெருவிலிருந்தே சொல்லலாம். ஆனால் நம் தெருவில் நடப்பதன் கணக்கு முழுவதும் வெளியே வருவதில்லை. யார் என்ன கொடுத்தார், என்ன வாங்கினார் என்பது அவரவர் பேரேட்டோடு நின்றுவிடும். கொடுத்தது, வாங்கியது, தேதி, சம்பளம், பின்விளைவு எல்லாம் பகிரங்கமாகத் தெரியும் சந்தை ஒன்று இருக்கிறது. அது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து. அங்கே ஒரே ஆட்டக்காரரைத் தக்க நேரத்தில் வாங்கித் தக்க நேரத்தில் விற்ற ஓர் அணியையும், அவரைத் தவறான விலைக்கு வாங்கிய இன்னோர் அணியையும் இங்கே பார்க்கப் போகிறோம்.

பணத்துக்கு விற்காத சந்தை

என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. களத்தில் ஓர் அணிக்கு ஐவர்தான் ஆடுவார்கள். முழு ஒப்பந்தத்தில் 15 பேர் வரை இருப்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்கு 82 ஆட்டங்கள். அதன்பிறகு முன்னணியில் உள்ளவர்களுக்கு மட்டும் இறுதிச் சுற்றுகள்.

நம் ஊர் கிரிக்கெட் ஏலத்தைப் போல அங்கே பணத்தைக் கொட்டி ஆட்டக்காரரை எடுத்துவிட முடியாது. வேறு அணியின் ஒப்பந்தத்தில் இருப்பவர் வேண்டுமென்றால், பெரும்பாலும் ஆளுக்கு ஆள் மாற்றித்தான் வாங்க வேண்டும். ஆள் மாறும்போது அவருடைய சம்பள ஒப்பந்தமும் கூடவே மாறும். இந்தப் பண்டமாற்றுக்கு மூன்று விதிகள் முக்கியம்.

முதலாவது, சம்பள உச்சவரம்பு. மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டிய அணி, தான் பெறும் ஆட்களின் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான சம்பளமுள்ள ஆட்களைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தராசின் இரு தட்டும் கிட்டத்தட்டச் சமமாக நிற்க வேண்டும் என்று பொருள். எடை சரிப்படுத்துவதற்காகவே சில ஆட்கள் தட்டில் ஏற்றப்படுவார்கள்.

இரண்டாவது, ஆடம்பர வரி. உச்சவரம்புக்கு மேலே இன்னொரு கோடு உண்டு. அதைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் வரி. 2013-14 பருவத்தில் அது ஒரு டாலருக்கு ஒன்றரை டாலரில் தொடங்கி, தாண்டத் தாண்ட ஏறிக்கொண்டே போனது.

மூன்றாவதுதான் நம் பாடத்துக்கு உயிர்நாடி. ஒவ்வோர் ஆண்டும் புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். இறுதிச் சுற்றுகளுக்கு வராத அணிகளுக்குள் குலுக்கல் போட்டு முதல் சில இடங்களை முடிவு செய்வார்கள். அதில் தோல்வி அதிகமான அணிக்கே வாய்ப்பு அதிகம். வென்ற அணிகள் வரிசையின் கடைசிக்குப் போகும். பலவீனமான அணி எழுந்து நிற்க இது ஓர் ஏற்பாடு. வருங்காலத் தேர்வு உரிமையை அணிகள் பண்டமாற்றில் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால், அது நாம் எழுதிக் கொடுக்கும் புரோநோட்டுக்குச் சமம். இன்று சரக்கு வாங்கிக்கொண்டு, மூன்று ஆண்டு கழித்து வரும் விளைச்சலை எழுதிக் கொடுப்பது போல.

ஆனால் சாதாரண நோட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாதாரண நோட்டில் ரூ.10,000 என்று எழுதினால், நாம் செழித்தாலும் நொடித்தாலும் அது ரூ.10,000தான். தேர்வு உரிமையோ அப்படியல்ல. கொடுத்த அணி நன்றாக ஆடினால் அது வரிசையின் கடைசியில் விழும், மதிப்பு குறைவு. கொடுத்த அணி சரிந்தால் அது முதல் சில இடங்களுக்குள் விழும். மதிப்பு மிக அதிகம். அதாவது, நாம் ஏழையாக ஆக நம் கடன் பெருகும். நம்மிடம் ஒன்றுமே இல்லாத நாளில்தான் மிகப் பெரிய தொகையைக் கொடுக்க வேண்டிவரும். மீட்டர் வட்டியின் கொடுமையை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் தம் அணியின் முதல் சுற்று உரிமைகளை ஆண்டுக்கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் விளைவைக் கண்ட சங்கம், அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளில் முதல் சுற்று உரிமை இல்லாதபடி எந்த அணியும் கொடுக்கக்கூடாது என்று விதி செய்தது. இன்றும் அந்த விதி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தன் வருங்காலத்தைத் தானே விற்காமல் முதலாளியைத் தடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

2007: பாஸ்டன் வாங்கியது

பாஸ்டன் செல்டிக்ஸ் பழம்பெருமை மிக்க அணி. ஆனால் 1986-க்குப் பிறகு பட்டம் இல்லை. 2006-07 பருவத்தில் 24 வெற்றி, 58 தோல்வி. பால் பியர்ஸ் என்ற ஒரு சிறந்த ஆட்டக்காரர் இருந்தார். அவருடன் இளைஞர்கள் பலர் இருந்தார்கள். மேலாளர் டேனி ஐஞ்ச் அந்தக் கோடையில் இரண்டு கொள்முதல் செய்தார். முதலில் சியாட்டில் அணியிடமிருந்து ரே ஆலன். அடுத்து மினசோட்டா அணியிடமிருந்து கெவின் கார்னெட்.

கார்னெட்டுக்கு அப்போது வயது 31. 2004-ல் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். அவருக்காகப் பாஸ்டன் கொடுத்தது ஐந்து ஆட்டக்காரர்களும் இரண்டு முதல் சுற்று உரிமைகளும். ஐவரில் ஆல் ஜெபர்சன் என்ற 22 வயது இளைஞர் உண்மையிலேயே விலை மதிப்புள்ளவர். பார்த்த மாத்திரத்தில் அதிக விலை என்றே தோன்றும். ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்.

இரண்டு உரிமைகளில் ஒன்று, மினசோட்டாவே முன்பு பாஸ்டனுக்குக் கொடுத்திருந்தது. எதிரி எழுதிய நோட்டையே எதிரிக்குத் திருப்பிக் கொடுத்ததில் பாஸ்டனின் சொந்த முதல் குறையவில்லை. மற்றொன்று பாஸ்டனின் 2009 உரிமை. அந்த நோட்டு முதிரும்போது கார்னெட்டுக்கு வயது 33 ஆகியிருக்கும். அப்போதும் அணி பலமாகவே இருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தது. நடந்ததும் அதுதான். 2008-09 பருவத்தில் பாஸ்டன் 62 ஆட்டங்களில் வென்றது. அந்த உரிமை 28-ஆம் இடத்தில் விழுந்தது. கார்னெட்டின் ஒப்பந்தத்தையும் மாற்றத்தின்போதே மேலும் 3 ஆண்டுகளுக்கு நீட்டித்துக்கொண்டார்கள். வாங்கிய சரக்கு ஒரே பருவத்தில் கைவிட்டுப் போகாது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே விலை கொடுத்தார்கள்.

பலன் உடனே தெரிந்தது. 2007-08 பருவத்தில் 66 வெற்றி. 2008 ஜூனில் பட்டம். 22 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

2013: அதே பாஸ்டன் விற்றது

ஐந்தாண்டு கழிந்தது. 2012-ல் ரே ஆலனின் ஒப்பந்தம் முடிந்தது. அவர் மியாமி அணிக்குப் போய்விட்டார். பாஸ்டன் கைக்கு அவருக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. அலமாரியில் வைத்திருந்த சரக்கு காலாவதி ஆவதைப் பார்த்தும் விற்காமல் இருந்ததன் விலை அது. 2012-13 பருவத்தில் 41 வெற்றி, 40 தோல்வி. இறுதிச் சுற்றின் முதல் கட்டத்திலேயே வெளியேற்றம். மிச்சம் இருந்த பியர்ஸ், கார்னெட் இருவரும் மக்களின் அன்புக்குரியவர்கள். ஆனால் வயது ஏறிவிட்டது.

அப்போது புரூக்ளின் நெட்ஸ் அணி அவசரத்தில் இருந்தது. 2012-ல்தான் நியூ ஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்கு இடம் மாறி, புதிய அரங்கில் கடை திறந்திருந்தார்கள். உரிமையாளர் மிகைல் புரோகொரோவ் ரஷ்யக் கோடீஸ்வரர். 2010-ல் அணியை வாங்கியபோதே ஐந்தாண்டுக்குள் பட்டம் என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். முதல் ஆண்டில் 49 வெற்றி. ஆனால் இறுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் சிகாகோவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. சம்பளப் பட்டியலோ ஏற்கெனவே வரம்பைத் தாண்டியது. பெரிய ஆட்டக்காரர் வேண்டுமானால் பண்டமாற்று ஒன்றே வழி.

2013 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் இது. பாஸ்டன் கொடுத்தது: கார்னெட், பியர்ஸ், ஜேசன் டெர்ரி, இன்னும் ஒருவர். புரூக்ளின் கொடுத்தது: ஐந்து ஆட்டக்காரர்கள், 2014, 2016, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகள், 2017-ல் பாஸ்டன் விரும்பினால் இரு அணிகளின் இடத்தையும் மாற்றிக்கொள்ளும் உரிமை. அடுத்தடுத்த ஆண்டுகளைக் கொடுக்க விதி இடந்தராததால் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு. நடுவில் விட்ட 2017-க்கு இடமாற்று உரிமை. விதியின் எழுத்து மீறப்படவில்லை. ஆனால் விதி எதைத் தடுக்க வந்ததோ, ஏறத்தாழ அதுவே நடந்தது.

புரூக்ளின் கொடுத்த ஐவரில் பெரும்பாலோர் எடைக்கற்கள். ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் சம்பளம் பெற்ற கிரிஸ் ஹம்ப்ரீஸ், 1 கோடி டாலர் அளவில் மூன்று ஆண்டு பாக்கியிருந்த ஜெரால்ட் வாலஸ் ஆகியோர் அதில் இருந்தனர். கீத் போகன்ஸ் என்பவருக்கு, தட்டு சமமாவதற்காகவே ஏறத்தாழ 50 லட்சம் டாலரில் புது ஒப்பந்தம் போட்டு அனுப்பினார்கள். வாலஸின் நீண்ட ஒப்பந்தத்தைப் பாஸ்டன் ஏற்றுக்கொண்டது ஒரு சுமைதான். அந்தச் சுமையைச் சுமப்பதற்கான கூலியும் சேர்த்துத்தான் நோட்டுகளாக எழுதி வாங்கப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரர் மூட்டை அல்ல, மனிதர். கார்னெட்டின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதமின்றி அவரை மாற்றக்கூடாது என்ற ஷரத்து இருந்தது. அவர் இசைந்த பிறகே காரியம் நடந்தது. பியர்ஸ் 15 பருவங்கள் பாஸ்டனிலேயே ஆடியவர். 2014 ஜனவரியில் இருவரும் எதிரணி உடையில் பாஸ்டன் அரங்குக்கு வந்தபோது, மக்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். நம்மிடம் நீண்ட காலம் வேலை பார்த்தவரை அனுப்பும்போது அவர் மனமறிந்து அனுப்புவதும் வியாபாரத்தில் ஒரு பகுதியே.

நான்கு நோட்டுகளின் கதை

புரூக்ளினுக்கு வந்த சரக்கு எப்படி விற்றது? முந்தைய பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 14.8 புள்ளி எடுத்த கார்னெட், 2013-14-ல் 6.5 புள்ளிதான் எடுத்தார். பியர்ஸ் 18.6-லிருந்து 13.5-க்கு இறங்கினார். அணி 44 ஆட்டங்களில் வென்றது. அதாவது முந்தைய ஆண்டைவிட ஐந்து குறைவு. இறுதிச் சுற்றில் டொராண்டோவை வென்று, மியாமியிடம் ஐந்து ஆட்டங்களில் தோற்றது. அந்த ஒரு பருவத்துக்கு ஆடம்பர வரி மட்டும் சுமார் 9 கோடி டாலர். 2014 கோடையில் பியர்ஸ் ஒப்பந்தம் முடிந்து வாஷிங்டனுக்குப் போனார். 2015 பிப்ரவரியில் கார்னெட் மினசோட்டாவுக்கே திரும்ப அனுப்பப்பட்டார். டெர்ரி 2014 பிப்ரவரியிலேயே போய்விட்டார். வாங்கிய சரக்கு இரண்டாண்டுக்குள் தீர்ந்துவிட்டது. நோட்டுகளில் மூன்று அப்போது இன்னும் முதிரவே இல்லை.

பிறகு அவை ஒவ்வொன்றாக முதிர்ந்தன. 2014 உரிமை 17-ஆம் இடத்தில் விழுந்தது. அதில் எடுத்த இளைஞர் நிலைக்கவில்லை. 2015-16-ல் புரூக்ளின் 21 வெற்றி, 61 தோல்வி. 2016 உரிமை மூன்றாம் இடத்துக்கு வந்தது. பாஸ்டன் அதில் ஜெய்லன் பிரவுனை எடுத்தது. 2016-17-ல் புரூக்ளின் 20 வெற்றி, 62 தோல்வி, சங்கத்திலேயே கடைசி. குலுக்கலில் முதலிடமும் அதற்கே விழுந்தது. ஆனால் இடமாற்று உரிமையால் அந்த முதலிடம் பாஸ்டனுக்குப் போனது. பாஸ்டன் அதையும் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பிலடெல்பியாவுக்கு முதலிடத்தைக் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் கூடுதலாக ஒரு வருங்கால முதல் சுற்று உரிமையையும் வாங்கியது. மூன்றாம் இடத்தில் எடுத்தவர் ஜேசன் டேட்டம். 2018 உரிமையைக் கைரி இர்விங்கை வாங்குவதற்காகக் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்தார்கள். அது எட்டாம் இடத்தில் விழுந்தது. இர்விங் இரண்டு பருவம் ஆடிவிட்டு 2019-ல் புரூக்ளினுக்கே போய்விட்டார்.

நான்கு நோட்டுகளில் இரண்டு ஏறத்தாழ வீண். இரண்டு பலித்தன. அந்த இருவரை வைத்துத்தான் 2024-ல் பாஸ்டன் தன் 18-ஆவது பட்டத்தை வென்றது. இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஜெய்லன் பிரவுன். இதில் பாஸ்டனுக்கும் ஒரு பாடம் உண்டு. எல்லா நோட்டும் வசூலாகும் என்று கணக்குப் போடக்கூடாது; பாதி வசூலானாலே போதும் என்ற விலையில் வாங்கியிருந்தால்தான் அது நல்ல கொள்முதல்.

கணக்கு எங்கே தவறியது?

புரூக்ளினின் நிர்வாகம் அறிவில்லாதது அல்ல. பட்டம் வெல்லும் வாய்ப்புக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்கத் துணிவதும் தவறல்ல. 2014-ல் அவர்கள் வென்றிருந்தால் இன்று யாரும் குறை சொல்லப் போவதில்லை. தவறு துணிவில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

அணி பலமாகிவிடும், எனவே கொடுக்கும் உரிமைகள் வரிசையின் கடைசியில்தான் விழும், எனவே அவை மலிவு. இந்தக் கணக்கு 2014 நோட்டுக்குச் சரி. ஆனால் மற்ற நோட்டுகளின் தேதியைப் பாருங்கள். 2016 நோட்டு முதிரும் நாளில் கார்னெட்டுக்கு வயது 40, பியர்ஸுக்கு 38. 2018 நோட்டு முதிரும் நாளில் 42, 40. வாங்கும் சரக்கின் ஆயுள் இரண்டாண்டு. எழுதும் நோட்டின் தவணை ஐந்தாண்டு. இதை அறிய ஜோதிடம் வேண்டாம். பிறந்த தேதியும் ஒரு பென்சிலும் போதும்.

இரண்டாவது தவறு, ஷரத்து இல்லாமல் எழுதிக் கொடுத்தது. தேர்வு உரிமையைக் கொடுக்கும்போது, அது முதல் இத்தனை இடங்களுக்குள் விழுந்தால் எங்களுக்கே என்று பாதுகாப்பு ஷரத்து வைப்பது அந்தச் சந்தையின் வழக்கம். நாம் நொடித்தால் கடன் பெருகாமல் தடுக்கும் கதவு அது. புரூக்ளின் கொடுத்த உரிமைகளில் அந்தக் கதவு இல்லை.

மூன்றாவது, அவசரம் எதிரிக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாண்டுக்குள் பட்டம் என்று ஊரறியச் சொன்னவர் வாங்க வரும்போது, விற்பவர் விலையைக் குறைக்க வேண்டிய தேவை இல்லை. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது மண்டிக்குப் போய் வெல்லம் கேட்பவரின் நிலை அது.

2018: ஓராண்டுக்கு வாங்கியும் சரியான கணக்கு

அப்படியானால் குறுகிய காலச் சரக்குக்கு விலை கொடுப்பதே தவறா? இல்லை என்பதற்கு டொராண்டோ ராப்டர்ஸ் சாட்சி.

2017-18-ல் டொராண்டோ 59 ஆட்டங்களில் வென்றும், தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கிளீவ்லாண்டிடம் தோற்று வெளியேறியது. 2018 ஜூலையில் தலைவர் மசாய் உஜிரி, ஒன்பது பருவங்கள் அணிக்கு உழைத்த டிமார் டிரோசனையும், ஓர் இளம் ஆட்டக்காரரையும், 2019 முதல் சுற்று உரிமையையும் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து, காவை லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கினார். லெனார்ட் முந்தைய பருவத்தில் தொடைத் தசைக் காயத்தால் 9 ஆட்டங்களே ஆடியவர். உறுதியான ஒப்பந்தமும் ஓர் ஆண்டுதான். அடிபட்ட சரக்கு, ஒரு பருவ ஆயுள். டிரோசன் மனவருத்தத்தோடுதான் போனார்.

ஆனால் கொடுத்ததைப் பாருங்கள். ஒரே ஒரு உரிமை. அதுவும் முதல் 20 இடங்களுக்குள் விழுந்தால் டொராண்டோவுக்கே என்ற ஷரத்துடன். சரக்கு ஓராண்டுச் சரக்கு. நோட்டும் ஓராண்டு நோட்டு. வளர்ந்துவந்த சியாக்கம், வான்விளீட், அனுனோபி ஆகிய இளைஞர்கள் மூவரையும் கொடுக்கவில்லை. லெனார்டை 82 ஆட்டங்களிலும் இறக்காமல் 60 ஆட்டங்களில் மட்டும் ஆடவைத்துப் பக்குவமாகக் காத்தார்கள். 2019 ஜூனில் டொராண்டோ பட்டம் வென்றது. அடுத்த மாதமே லெனார்ட் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். கடை மூடப்பட்டதா? இல்லை. அவர் இல்லாத 2019-20 பருவத்தில் 53 வெற்றி, 19 தோல்வி.

லெனார்டின் காயம் திரும்பியிருந்தால் டொராண்டோவுக்குப் பட்டம் கிடைத்திருக்காது. ஆனால் அப்போதும் அணி அழிந்திருக்காது. நல்ல துணிவுக்கும் கெட்ட துணிவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தோற்றாலும் மறுநாள் கடை திறக்க முடிய வேண்டும்.

எடை போடும் முறை

எந்தப் பண்டமாற்றையும் எடைபோட ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

1. வருவது: இதற்கு முன் என்ன விற்றது என்பதல்ல, இனி எத்தனை பருவம் விற்கும் என்பதே கேள்வி. பெயருக்கு விலை கொடுத்தால் நேற்றைய விற்பனைக்கு இன்று பணம் கட்டுகிறோம்.

2. போவது: கொடுப்பதை இன்றைய நிலையில் மதிக்கக்கூடாது. அந்த நோட்டு முதிரும் நாளில் நாம் மிகவும் நொடித்திருந்தால் அதன் விலை என்ன என்று மதிக்க வேண்டும்.

3. எடைக்கல்லும் வரியும்: கூடவே வரும் சம்பளம், சுமை, வரி ஆகியவற்றைச் சேர்த்த அடக்க விலையே உண்மையான விலை.

4. மிச்சம்: இந்த வியாபாரம் முழுவதும் தோற்றால் நம் கையில் என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது என்றால், மற்ற மூன்று கட்டமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

2007 பாஸ்டனும் 2018 டொராண்டோவும் இந்த நான்கிலும் தேறுகின்றன. 2013 புரூக்ளின் நான்கிலும் தவறுகிறது.

நொடித்தவர் எழுந்த விதத்தையும் சொல்லிவிடுவோம். 2016 பிப்ரவரியில் புரூக்ளின் பொறுப்பேற்ற ஷான் மார்க்ஸ் கையில் நல்ல தேர்வு உரிமை இல்லை. பிறர் கழித்த சிறு சரக்கை வாங்கினார். மற்ற அணிகள் வேண்டாம் என்ற கனமான ஒப்பந்தங்களைச் சுமந்து, அதற்குக் கூலியாக இளைஞர்களையும் உரிமைகளையும் பெற்றார். 2013-ல் பாஸ்டன் செய்த அதே வேலை. 2019-ல் அணி 42 வெற்றியோடு இறுதிச் சுற்றுக்குத் திரும்பியது. அதற்குள் பட்டம் என்ற பேச்சு மறந்தே போயிருந்தது.

நம் கடைக்கு

நாம் ஆட்டக்காரர் வாங்கப் போவதில்லை. ஆனால் நாம் ஏழையாக ஆக வளரும் கடன்கள் நம் தொழிலிலும் உண்டு. விற்பனை இலக்கு வைத்துக் கொடுக்கப்படும் ஏஜென்ஸி அதில் ஒன்று. விற்பனை நன்றாக இருக்கும் வரை கழிவு கிடைக்கும். விற்பனை படுத்தால் கழிவும் போகும், சரக்கும் தேங்கும், போட்ட டெபாசிட்டுக்கும் ஆபத்து. பின் தேதியிட்ட காசோலை இன்னொன்று. கணக்கில் பணம் இல்லாத நாளில்தான் அது திரும்பும். அன்றுதான் வங்கிக் கட்டணமும், வழக்கும், பெயர்க்கேடும் சேர்ந்து வரும். மீட்டர் வட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஓர் உதாரணம். தீபாவளிக்காக ஒரு கடைக்காரர் ரூ.2 லட்சத்துக்கு எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் எடுக்கிறார். நவம்பர், ஜனவரி, மார்ச், மே என்று நான்கு காசோலை, ஒவ்வொன்றும் ரூ.50,000. நவம்பர் காசோலை தீபாவளி விற்பனையில் தீரும். ஜனவரி காசோலை பொங்கலில் தீரும். மார்ச்சும் மேயும்? சரக்கு அதற்குள் விற்றுத் தீர்ந்திருக்கும். அந்தப் பணம் கல்லாவில் இருக்குமா, வேறு சரக்கில் போயிருக்குமா, வீட்டுச் செலவில் கரைந்திருக்குமா? சரக்கின் ஆயுள் மூன்று மாதம் என்றால் கடைசிக் காசோலையும் மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். தவணை நீளம் என்பது சலுகைபோலத் தெரியும். சரக்கு தீர்ந்தபின் நிற்கும் தவணை சலுகையல்ல, கண்ணி.

நீண்ட தவணை தவிர்க்க முடியாது என்றால், ஒரு ஷரத்தாவது கேளுங்கள். விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வது, காசோலை போடும் முன் ஒரு வாரம் சொல்வது, பாதியை ரொக்கமாகக் கொடுத்துப் பாதிக் காசோலையைத் திரும்பப் பெறுவது. கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கேட்காமல் எழுதிக் கொடுப்பவரைவிட, கேட்டு எழுதிக் கொடுப்பவரையே மண்டிக்காரர் நம்புவார்.

இந்த மாதப் பயிற்சி

உங்கள் கடையில் இன்று நிலுவையில் உள்ள காசோலைகள், நோட்டுகள், இலக்குகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தச் சரக்குக்காக அதைக் கொடுத்தீர்கள் என்றும், அந்தச் சரக்கு இப்போது கடையில் எவ்வளவு மிச்சம் என்றும் எழுதுங்கள். சரக்கு தீர்ந்து, அதன் பணமும் கையில் இல்லாமல், நோட்டு மட்டும் நிற்கும் வரிகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுங்கள். அந்த வரிகளின் கூட்டுத் தொகையே உங்கள் உண்மையான கடன். அதைத் தீர்க்கும் வரை புதிய நோட்டு எழுதுவதில்லை என்று முடிவு செய்யுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் நம் முன்னோர். ஆழத்தை அளக்கும்போது, தண்ணீர் குறைந்த நாளில் அல்ல, வெள்ளம் வரும் நாளில் எவ்வளவு ஆழம் என்று அளந்துகொள்வோம்.